விசாரித்துச் செய்த முதலீடு

"இட்லிக்கு இன்னாத்துக்குங்க ஹெல்மெட்டு?"

ஷோபா இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். வேலுவிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. ஆனால் அது நான்கு ஹெல்மெட்டுகளுக்கான பதில். கடை வாசலில் வந்து இறங்கியிருந்ததோ நாற்பது. அத்தனையும் மஞ்சள்.

"நாலுதான் ஷோபா போட்டேன். போன்ல நாலுன்னுதான் அமுக்குனேன்."

"இது நாலா?"

"ஒரு செட்டுல பத்து இருக்குதாம். கீழ போட்டிருந்தானாம். நான் மேலதான் பாத்தேன்."

கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டை பஜாரில் வேலு மெஸ் என்றால் யாரும் வழி காட்டுவார்கள். விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு இட்லிப் பொட்டலம், வெயில் ஏறியதும் பென்ஷன்காரர்களுக்கு டீ, மத்தியானம் சாப்பாடு. கடை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது, வேலு அந்த ஒருநாள் வகுப்புக்குப் போகிற வரைக்கும்.

சிறு வியாபாரிகள் பணத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு பேங்க் நடத்திய இலவச வகுப்பு. மத்தியானம் பிரியாணி உண்டு என்றார்கள், போனான். பாடம் எடுத்தவர் லவினா மேடம். சின்ன வயசு, கண்ணாடி, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். அவர் சொன்னதில் இரண்டு விஷயங்கள் வேலுவின் மண்டையில் நன்றாக இறங்கிவிட்டன. ஒன்று, ஒவ்வொரு கடைக்கும் தனி அடையாளம் வேண்டும். இரண்டு, முதலீடு செய்வதற்கு முன்னால் குறைந்தது மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும். மீதியெல்லாம் பிரியாணிக்குப் பிறகு சொன்னது, அதனால் ஞாபகமில்லை.

தங்கச் சுரங்க ஊரில் தனி அடையாளம் என்றால் வேறென்ன? தான், மாஸ்டர், பரிமாறுகிற இரண்டு பேர் ஆக நான்கு தலைக்கு நான்கு ஹெல்மெட் என்று கணக்குப் போட்டான். அதைத்தான் நாற்பது என்று அனுப்பிவிட்டார்கள். திருப்பி எடுக்க மாட்டோம் என்று போனில் ஒரு பெண் மிக மரியாதையாகச் சொன்னாள்.

ஷோபா வாய் ஓயும்வரை திட்டினாள். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்ததும் சட்டென்று நிறுத்தி, "ஒண்ணுமில்லண்ணா, கடைக்குத்தான், எங்க வூட்டுக்காரரு புதுசா ஒண்ணு பண்றாரு" என்று சிரித்தாள். அவள் அப்படித்தான். வீட்டுக்குள் என்ன பாடு படுத்தினாலும், வெளியாட்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள்.

பக்கத்துக் கடைக்காரரின் தலை உள்ளே போனதும் திரும்பினாள். "ஹெல்மெட்ட நான் பாத்துக்கறேன். நீங்க சீட்டுப் பணத்துல மட்டும் கை வெக்காதீங்க. புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

அந்தச் சீட்டுப் பணம் ஷோபாவின் பணம். மத்தியான வேலை முடிந்ததும் உட்காராமல் மாவு ஆட்டி, பாக்கெட் போட்டு விற்று, வருஷக்கணக்கில் சீட்டுக் கட்டி எடுத்தது. மெஸ் இருக்கிற கட்டடம் சரோஜம்மாவுடையது. சரோஜம்மா பேத்தமங்களாவில் தக்காளி பயிரிடுகிறவர். இந்தக் கட்டடத்தை விற்றுவிட்டு அங்கேயே இன்னும் கொஞ்சம் நிலம் வாங்க ஆசைப்பட்டார். "மொதல்ல உனக்குத்தான் வேலு. தை பொறந்ததும் பணத்தோட வா" என்று விலையும் சொல்லிவிட்டார். சீட்டுப் பணம் அந்த விலைக்குச் சரியாக இருந்தது. யார் எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ என்று பயப்படாமல் அடுப்பு மூட்ட வேண்டும், ஷோபாவுக்கு அது ஒன்றுதான் ஆசை.

தை பிறக்க இன்னும் நாள் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு நாள் காலை சின்னசாமி மாமா மூச்சு வாங்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மைனில் ஷாஃப்ட் குழிக்குள் ஆட்களை இறக்கி ஏற்றுகிற கேஜ் இன்ஜினை ஓட்டியவர். ஒரு கண்ணில் ஆபரேஷன் முடிந்து, இன்னொரு கண்ணுக்குத் தேதி வாங்கியிருந்தார்.

"டேய் வேலு, தொறக்கறாங்கடா."

"இன்னாத்த மாமா?"

"மைன."

வேலு டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தான். மைன் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு முறை திறந்திருக்கிறது. வெளியூர் நம்பர் ஜீப் வந்தால் ஒரு முறை, பள்ளத்தில் மழைத் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் ஒரு முறை. ஒரு நாளாவது யாராவது உள்ளே இறங்கினார்களா என்றால் இல்லை.

"சிரிக்காத. இந்த வாட்டி என் கண்ணால பாத்தேன். ஷாஃப்ட்டாண்ட. கோட்டு சூட்டு போட்டுகினு ஒரு ஆளு. அவன் பின்னால ஹெல்மெட்டு மாட்டிகினு வரிசையா பசங்க. மூணு கால் மிஷினு ஒண்ணு நட்டு, ஒருத்தன் குனிஞ்சி குனிஞ்சி பாக்கறான்."

"சர்வேயா?"

"வேற இன்னா? ஒரு மேடமும் கீறாங்க. கழுத்துலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளைக் கோட்டு. சயின்டிஸ்ட்டு."

"சயின்டிஸ்ட்டுன்னு எப்டி மாமா சொல்றீங்க?"

"அந்தக் கோட்டு மண்ணுல படக்கூடாதுன்னு ரெண்டு பொண்ணுங்க பின்னால தூக்கிப் புடிச்சிகினு நடக்கறாங்கடா. சின்ன சயின்டிஸ்ட்டுக்கு அப்டி செய்வாங்களா?"

வேலுவின் கை நின்றுவிட்டது. டீ டம்ளருக்கு வெளியே போனது.

"அதுக்கப்புறம் கேளு. அந்த சூட்டுக்காரன் மேடம் முன்னாடி ஒரு முட்டி போட்டான்."

"எதுக்கு மாமா?"

சின்னசாமி மாமா குரலைத் தாழ்த்தினார். "மண்ணு டெஸ்ட்டு."

அன்று முழுவதும் வேலுவுக்கு வேலை ஓடவில்லை. மைன் திறந்தால் ஆட்கள் வருவார்கள். ஷிப்ட் ஷிப்டாக வருவார்கள். ஷிப்டுக்குப் போகிறவன் இட்லி கேட்பான், ஷிப்ட் முடிந்து வருகிறவனும் இட்லி கேட்பான். தன்னிடம் இருக்கிற இட்லிப் பானையை நினைத்தால் அவனுக்கே வெட்கமாக இருந்தது. பெரிய ஸ்டீமர் ஒன்று வாங்கிப் போட்டால் மைன் காசு முதலில் தன் கல்லாவுக்குத்தான் வரும். தைக்குள் சீட்டுப் பணம் இரண்டு மடங்காகிவிடும். கட்டடமும் வாங்கலாம், ஷோபாவுக்கு வளையலும் வாங்கலாம். சீட்டுப் பணத்தில் கை வைப்பதாக அவன் நினைக்கவே இல்லை. அதைக் கொஞ்ச நாள் வேலைக்கு அனுப்பி வைப்பதாகத்தான் நினைத்தான்.

ஆனாலும் வேலு அவசரப்படுகிறவன் இல்லை, படித்தவன். மூன்று பேரிடம் விசாரிக்க வேண்டும். சின்னசாமி மாமா ஒன்று.

மறுநாள் காலையில் பங்காருபேட்டை பாத்திரக் கடைக்குப் போன் போட்டான். பேரைச் சொல்லவில்லை. மைன் திறந்தால் அந்தக் கூட்டத்துக்கு எந்த அளவு ஸ்டீமர் தேவைப்படும் என்று மட்டும் பொதுவாகக் கேட்டுவிட்டு வைத்தான். சாயங்காலம் நேரிலேயே போய் நின்றான்.

"பெரிய இட்லி ஸ்டீமர் இருக்குதாங்க?"

பாத்திரக் கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "நீங்களும் கோலார் தங்கவயலா?"

"ஆமா. ஏன்?"

"மைன் தொறக்குதாமே?"

வேலுவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு யாரு சொன்னது?"

"காலைல உங்க ஊருலேர்ந்து ஒரு ஆளு போன் பண்ணி இதே ஸ்டீமரத்தான் கேட்டாரு. பேரு சொல்லல. பெரிய பார்ட்டி போலக்கீது, விஷயத்த வெளிய விடாம கேட்டாரு."

தனக்கு முன்னால் எவனோ முந்திக்கொண்டான்! இன்னும் ஒரு நாள் விட்டால் ஸ்டீமர் போய்விடும். "அவருக்குக் குடுக்காதீங்க. இப்பவே நான் எடுத்துக்கறேன்" என்று கார்டை நீட்டினான். சீட்டுப் பணத்தில் பாதிக்கு மேல் அங்கேயே போனது. மூன்றாவது ஆளை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

காலையில் போன் செய்த அந்தப் பெரிய பார்ட்டி யார் என்பது, திரும்பி வரும்போது பாதி வழியில்தான் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஷேர் ஆட்டோவில் இடுப்பை அசைக்க இடமில்லை, தலையில் அடித்துக்கொள்ளவும் முடியவில்லை.

ஸ்டீமர் மினி லாரியில் வந்தது. கடைக் கதவுக்குள் நுழையவில்லை. நேராகத் தள்ளிப் பார்த்தார்கள், படுக்கப் போட்டுப் பார்த்தார்கள், மாஸ்டர் ஏதோ சாமியைக் கும்பிட்டுவிட்டுத் தள்ளிப் பார்த்தார். கதவு நிலையை இடித்தால்தான் உண்டு. அதுவரைக்கும் தார்ப்பாய் போர்த்தி, கயிறு கட்டி, ரோட்டோரமாக நிறுத்தினார்கள். ஷோபா அவள் தம்பி வீட்டு விசேஷத்துக்கு வேலூர் போயிருந்தாள். அவள் வருவதற்குள் ஸ்டீமரை உள்ளே வைத்து, இட்லியும் வேக வைத்துவிட்டால் கோபம் பாதி குறையும் என்பது வேலுவின் திட்டம்.

நிலையை இடிக்கச் சொந்தக்காரர் சம்மதம் வேண்டுமே? சரோஜம்மாவுக்குப் போன் செய்தான். அவர் அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். நிலையைப் பார்க்கவில்லை. தார்ப்பாயைத் தூக்கி ஸ்டீமரைப் பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார். விரலால் தட்டியும் பார்த்தார்.

"இன்னாத்துக்குப்பா இவ்ளோ பெருசு?"

வேலு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் மூன்றாவது ஆள் பாக்கி இருந்தாரே!

"அம்மா, மைன் தொறக்கறதா நீங்க எதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

சரோஜம்மா ஸ்டீமரை இன்னொரு முறை பார்த்தார்.

"இப்பத்தாம்பா கேள்விப்படறேன்" என்றார்.

மறுநாள் போன் வந்தது. கட்டடத்தின் விலை இரண்டு மடங்கு.

"அம்மா! பேசின வெல இன்னா, இப்ப சொல்ற வெல இன்னா?"

"பேசின அன்னிக்கு மைன் மூடிக் கெடந்துச்சுப்பா. இப்ப ஊரே சொல்லுது. பஜாருல எவனோ பெரிய ஸ்டீமரே வாங்கி எறக்கிட்டானாமே?"

"அது என் ஸ்டீமரும்மா! நீங்கதான வந்து பாத்தீங்க!"

"பாத்தியா, நீயே ஒத்துக்கற" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் ஷோபா பையோடு வந்து இறங்கினாள். தார்ப்பாயைப் பார்த்தாள். வேலுவின் முகத்தைப் பார்த்தாள். யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்து வேலு இரண்டடி பின்னால் போய் நின்றான். அவள் கத்தவில்லை. வாசல் படியில் உட்கார்ந்தாள்.

"எவ்ளோ போச்சு?"

சொன்னான்.

"மாவு ஆட்டி ஆட்டிக் கட்டுன சீட்டுங்க அது" என்றாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தன்னைப் போல ஒரு மடையன் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்று தோன்றியது. எப்படியாவது இதைச் சரி செய்துவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தான். அவன் சரி செய்யக் கிளம்பியதுதான் அடுத்த கஷ்டம்.

முதலில் ஸ்டீமரைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

"எடுத்துக்கறேன், பாதி வெலைக்கு" என்றார் பாத்திரக் கடைக்காரர்.

"இன்னாங்க, இன்னும் ஒரு இட்லி கூட வேகலயே!"

"ரோட்டுல நின்னுச்சே. புதுசுக்கு இப்ப வெல ஏறிப்போச்சு, தெரியுமா? உங்க ஸ்டீமரப் பாத்துட்டு உங்க பஜாருலயே ரெண்டு பேரு ஆர்டர் குடுத்திருக்காங்க."

"அப்ப என்னோடதயும் ஏறின வெலைக்கே எடுத்துக்கலாமில்ல?"

"உங்களது பழசுங்களே."

எவ்வளவு யோசித்தும் இதில் எங்கே தப்பு என்று வேலுவுக்குப் பிடிபடவில்லை. ஸ்டீமர் ரோட்டோரத்திலேயே நின்றது.

அடுத்து சரோஜம்மாவின் வீட்டுக்கே போனான். "அம்மா, மைனெல்லாம் தொறக்கல. அது சும்மா பொரளிம்மா. பழைய வெலைக்கே குடுங்க. மீதிப் பணத்துக்கு லோன் போடறேன்."

தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்த சரோஜம்மா நிமிர்ந்தார். "அன்னிக்கு தொறக்குதான்னு கேட்ட. வெலய ஏத்துனதும் தொறக்கலங்கற. என்ன இன்னா, ஒண்ணும் தெரியாதவன்னு நெனச்சியா?"

"சத்தியமாம்மா!"

"நீ இவ்ளோ தூரம் பஸ் ஏறி வந்து தொறக்கலன்னு சொல்றத பாத்தா, சீக்கிரமே தொறந்துடும் போலக்கீது."

கடைசியாக ஒரு வழிதான் பாக்கி. முதலில் பார்த்த ஆளே வந்து சொன்னால் நம்புவார். சின்னசாமி மாமாவிடம் போய், "மாமா, கண்ணு சரியாத் தெரியல, தப்பாப் பாத்துட்டேன்னு சரோஜம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்களேன்" என்று கெஞ்சினான்.

மாமாவின் மீசை துடித்தது. "என் கண்ண சொல்றியா? இந்தக் கண்ண நம்பித்தாண்டா கேஜுல அத்தன பேரு எறங்கினாங்க!"

"அது அப்ப மாமா."

"இருடா, அந்தம்மாகிட்ட நானே சொல்றேன்."

சொன்னார். நான்கு பென்ஷன்காரர்களைக் கூட்டிக்கொண்டு பேத்தமங்களாவுக்கே போய், சூட்டுக்காரன், மூணு கால் மிஷின், வெள்ளைக் கோட்டு சயின்டிஸ்ட், மண் டெஸ்ட் என்று ஒன்று விடாமல் சொல்லி, தன் ஆபரேஷன் செய்த கண்ணின் மேல் சத்தியமும் செய்துவிட்டு வந்தார். சரோஜம்மா அவர்களுக்கு ஆளுக்கு ஒரு கிலோ தக்காளி கொடுத்து அனுப்பினாராம்.

தை பிறந்தது. சரோஜம்மாவிடமிருந்து போனும் வந்தது.

"வேலு, கட்டடத்துக்கு அட்வான்ஸ் வாங்கிட்டேன்பா. பெங்களூர் பையன் ஒருத்தன். பேரம் கூடப் பேசல. நாளைக்கு வந்து பாப்பான். இனிமே வாடகையெல்லாம் அவங்கிட்ட பேசிக்க."

ஷோபா அன்று மாவு ஆட்டவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேரும் கடையைக் கழுவிவிட்டார்கள். புது முதலாளி என்ன சொல்வானோ, வாடகையை ஏற்றுவானோ, ஒரேயடியாகக் காலி பண்ணச் சொல்வானோ என்று மாறி மாறிப் பேசிக்கொண்டார்கள். "எது கேட்டாலும் நீங்க பேசாதீங்க, நான் பேசறேன்" என்றாள் ஷோபா. வேலு தலையாட்டினான்.

கார் ஒன்று ஸ்டீமருக்குப் பின்னால் வந்து நின்றது. முதலில் இறங்கியவரைப் பார்த்ததும் வேலு வாயைப் பிளந்தான்.

"மேடம்! நீங்களா!"

லவினா மேடம் சிரித்தார். கையில் கல்யாணப் பத்திரிகைக் கட்டு. "வேலு சார், நல்லா இருக்கீங்களா? இவர் அனில். எனக்குப் பார்த்திருக்கிறவர். சரோஜம்மா கட்டடத்தை வாங்கறது இவர்தான். கல்யாணத்துக்கு உங்களையும் கூப்பிடலாம்னு நானும் கூட வந்தேன்."

அனில் என்கிற இளைஞன் வணக்கம் சொன்னான். நல்ல பிள்ளையாகத்தான் தெரிந்தான்.

பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த சின்னசாமி மாமா எழுந்தே நின்றுவிட்டார். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். "வேலு! இந்தம்மாதாண்டா! சயின்டிஸ்ட்டு! பக்கத்துல நிக்கறவன்தான் சூட்டுக்காரன்!"

எல்லாரும் எல்லாரையும் பார்த்தார்கள். முதலில் லவினா மேடத்துக்குத்தான் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஐயோ, அது எங்க கல்யாண போட்டோஷூட்! ஷாஃப்ட் பக்கத்தில் எடுத்தோம். மைன் தீம். பின்னால் நின்றது அனிலோட ஃப்ரெண்ட்ஸ்."

"அப்ப அந்த மூணு கால் மிஷினு?" என்றார் மாமா.

"கேமரா ஸ்டாண்ட் சார்."

"வெள்ளக் கோட்டு?"

"கவுன்."

"இவரு முட்டி போட்டாரே?"

அனில் வெட்கப்பட்டான். மாமா மெதுவாக பெஞ்சில் உட்கார்ந்து, டீயை எடுத்து, ஆறிப்போயிருந்ததைக் கூடக் கவனிக்காமல் குடித்தார்.

வேலுவுக்கு ஏதோ ஒன்று எங்கேயோ இடித்தது. "அப்ப அந்த ஹெல்மெட்டுங்க?"

"உங்க கடை ஹெல்மெட்தான்" என்றார் லவினா மேடம். "ஷோபா அக்காகிட்ட வாடகைக்கு எடுத்தோம்."

வேலு ஷோபாவைத் திரும்பிப் பார்த்தான். "சும்மா கெடந்துச்சேன்னு..." என்றாள் ஷோபா சின்னக் குரலில். "அந்த போட்டோக்காரரு மாசத்துக்கு நாலு வாட்டி எடுத்துகினு போறாரு."

இதற்குள் அனில் தார்ப்பாயை விலக்கி ஸ்டீமரைத் திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். "சூப்பர் சார். ரெடியாத்தான் இருக்கீங்க. மைன் எந்த மாசம் தொறக்குது?"

"மைனு தொறக்கலங்க" என்றான் வேலு.

அனிலின் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "என்ன சார் சொல்றீங்க? மைன் தொறக்குதுன்னு ஊரே சொல்லுச்சே, அதை நம்பித்தானே என் சேவிங்ஸ் எல்லாத்தையும் எடுத்து இந்தக் கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தேன்!"

"அனில்!" லவினா மேடத்தின் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போனது. "மைனுக்காகன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே! யார்கிட்டயாவது விசாரிச்சியா?"

"விசாரிக்காம செய்வேனா?" என்றான் அனில். "ஹெல்மெட் எடுக்க வந்தப்பவே, இட்லிக் கடையில நாப்பது ஹெல்மெட் எதுக்குன்னு ஷோபா அக்காவைக் கேட்டேனே. 'எங்க வூட்டுக்காரரு எதையும் விசாரிக்காம வாங்க மாட்டாரு'ன்னு சொன்னாங்க!"